பேராச்சி அத்தை மனு கொடுத்த விதம்

சென்னையில் நான்கு வருஷம் படித்துவிட்டு ஊர் திரும்பியபோது என்னிடம் ஒரு பி.ஏ. பட்டமும் டிரங்குப் பெட்டி நிறைய முற்போக்குப் புத்தகங்களும் இருந்தன. நகரத்து அரசியலைக் கிட்டத்தில் பார்த்தவன் நான். அங்கே புரட்சி மாலை ஆறு மணிக்குக் கடற்கரையில் ஆரம்பித்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும். மக்கள் என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுவோம். எதிர் அறையில் குடியிருந்தவரின் பெயர் மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் பாறைக்குளம் தென்காசியிலிருந்து ஐந்து மைல். நடுவில் ஓர் ஓடை, பாலம் கிடையாது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பட்டணத்து ஜனங்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் ஓடையில் வண்டி இறங்காது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கிளம்பிய பெண்கள் இந்தக் கரையிலேயே நின்றுவிடுவார்கள். தேர்தலுக்கு முன்னால் ஊரில் ஒரு பிரசவ விடுதி கட்டி, ரிப்பன் வெட்டித் திறந்தும் வைத்தார்கள். மருத்துவச்சியைப் போடத்தான் மறந்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக அதன் வராந்தாவில் ஆடுகள்தான் குட்டி போட்டன.

அந்த 1961 ஆனியில் என் தங்கை கல்யாணசுந்தரிக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்ததால் எங்கள் வீட்டோடு இருந்தாள். பிரசவம் ஆவணியில். அந்த மாதத்தில் ஓடையில் வண்டி இறங்கி நான் பார்த்ததில்லை.

மருத்துவச்சி நியமனக் கோப்பு யாருடைய மேசையில் கிடந்ததோ, அந்தச் சென்னை அதிகாரி குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறார் என்று துப்புக் கொண்டுவந்தவள் பேராச்சி அத்தை. எங்கள் பஞ்சாயத்தின் ஒரே பெண் மெம்பர். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் முழுசும் படித்துக் காட்டாத காகிதத்தில் அதைப் போடவே மாட்டாள்.

"ஏலே சுந்தரபாண்டி, நாளைக்கு வருதாராம். குற்றாலம் பங்களா வாட்ச்மேன் சொல்லுதான். நீ என்ன செய்யப் போற?"

"உரிமையைக் கேட்டு வாங்கணும் அத்தை. கெஞ்சக் கூடாது. அருவிக்கரையிலயே கோஷம் போடப் போறோம்."

"போடு, போடு," என்றாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தென்காசியில் அச்சாபீஸ் வைத்திருந்த நண்பன் மசூது உட்பட எட்டுப் பேர் காலையிலேயே பேரருவிக்குப் போனோம். அதிகாரி உடம்பெல்லாம் எண்ணெயோடு, இடுப்பில் ஒரு துண்டோடு அருவிக்கு அடியில் நின்றார். நாங்கள் கையைத் தூக்கி முழங்கினோம். அருவி எங்களைவிடப் பெரிய பேச்சாளர். என் குரல் என் காதுக்கே எட்டவில்லை. வெளியே வந்த அதிகாரி எங்களை வரவேற்புக் கமிட்டி என்று நினைத்துவிட்டார். கும்பிட்டு, "ரொம்ப சந்தோஷம்" என்றார். மனுவை எண்ணெய்க் கையால் வாங்கினார். ஒரு நிமிஷத்தில் அது வடை மடித்த காகிதம் மாதிரி ஆகி, மை கரைந்து, நான் எழுதிய மக்களெல்லாம் ஓரமாக வழிந்து போனார்கள். அதைச் சேவகனிடம் கொடுத்துவிட்டு அவர் மறுபடியும் குளிக்கப் போனார்.

மசூது என் பக்கம் திரும்பினான். "வெற்றியா தோல்வியாவே? எதுன்னு சொன்னா அதுக்கேத்தாப்புல நோட்டீஸ் அடிச்சிருவேன்."

அதே நேரத்தில் பெண்கள் பக்கத்தில் பேராச்சி அத்தை இருந்தாள். அதிகாரியின் மனைவி அருவியைக் கண்டு பயந்து, ஓரத்தில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாராம். அத்தை போய்க் கையைப் பிடித்திருக்கிறாள். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கம்மா. நான் பிடிச்சிருக்கேம்லா, தண்ணி தள்ளாது." அரைமணி நேரம் கழித்து அந்த அம்மா சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அத்தை மனு கொடுக்கவில்லை, மருத்துவச்சிப் பேச்சையே எடுக்கவில்லை. "நாளைக்கு எங்க ஊர்ல ஒரு வளைகாப்பு. வந்து பிள்ளையை வாழ்த்திட்டுப் போங்க" என்று மட்டும் கூப்பிட்டாள்.

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. "அதிகாரி பெண்டாட்டியைக் காக்கா பிடிக்கிறதா அத்தை அரசியலு?"

"வரட்டும்லே. வந்து பாக்கட்டும்."

மறுநாள் ஜீப் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில், சேலையைத் தூக்கிப் பிடித்து, முந்தின நாள் பிடித்த அதே கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நடந்து வந்தார்.

எங்கள் கூடத்தில் தங்கை மணையில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டு வாழ்த்தினார்கள். வந்த அம்மாவும் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் சுவரோரம் பார்த்தார். அங்கே நல்ல சேலை உடுத்து, பூ வைத்து, சில பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தியும் வளையல் தட்டுக்குக் கிட்டே வரவில்லை. வழக்கமாக அவர்கள் வளைகாப்புக்கே வரமாட்டார்கள். அன்றைக்கு வீடு வீடாகப் போய் அழைத்திருந்தவள் பேராச்சி அத்தை.

"அவங்கல்லாம் ஏன் வளையல் போடலை?"

அத்தைதான் பதில் சொன்னாள். "அவுக போடக் கூடாதும்மா. பெத்த பிள்ளை தங்கலை. நீங்க நடந்து வந்தியள்லா, அந்த ஓடைக்கரையில போனது."

"எல்லாருக்குமா?" அந்த அம்மாவின் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. "பத்துப் பேர்..."

"பதினொண்ணும்மா," என்றாள் அத்தை. கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றாள்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஊரில் எந்த வளைகாப்பு நடந்தாலும் அவள்தான் ஓடியாடி வேலை செய்வாள். ஒன்றில்கூட அவள் வளையல் போட்டதில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது கல்யாணசுந்தரி இடது கையை நீட்டினாள். "அத்தை, இந்தக் கையில இன்னும் இடம் இருக்கு. நீங்க போடுங்க. எல்லாரும் வந்து போடுங்க."

"ஏட்டி!" என்று எங்கள் அம்மா பதறினாள். தங்கை கையை மடக்கவில்லை. என் பெட்டியிலிருந்த ஒரு புத்தகத்தைக்கூட அவள் புரட்டிப் பார்த்ததில்லை. அத்தைதான் முதலில் வந்தாள். தங்கையின் விரல்களைக் குவித்துப் பிடித்து வளையலை ஏற்றினாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசி இரண்டு மூன்று பேருக்கு அம்மாவே தட்டை எடுத்து நீட்டினாள்.

அந்த அம்மா வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. போகும்போது விடுதிப் பூட்டையும் ஆடுகளையும் பார்த்துவிட்டு ஓடையில் இறங்கினார். இருபதாம் நாள் உத்தரவு வந்தது. அதற்கு அடுத்த வாரம், டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையைக் கடந்து மருத்துவச்சி ஹாஜரா பீவி வந்தார்.

மசூது என் பெயரைப் போட்டு 'மாபெரும் வெற்றி' என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தான். அத்தை பெயரைப் போடு என்று திருப்பி அனுப்பினேன். அத்தை கேள்விப்பட்டுச் சிரித்தாள். "எம் பேரு எதுக்குலே? பாலத்துக்கு என்ன வழின்னு கேட்டு அடிக்கச் சொல்லு."

ஆவணியில், ஓடை இரு கரையும் புரண்டு ஓடிய ஒரு மத்தியானம், தங்கைக்கு விடுதியில் பெண் குழந்தை பிறந்தது. நானும் அத்தையும் வராந்தாவில் நின்றோம். ஓடைச் சத்தத்தையும் மீறிக் குழந்தையின் அழுகை கேட்டது. அத்தை சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். அந்த வரிசை பதினோரு பேரோடு நின்றுவிட்டது.