கையால் காட்டினாலும் சிக்னல்தான்

றோயின் கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு, அந்தப் பழைய மொறிஸ் மைனர் காரை ஓட்டும் பொறுப்பு மனைவி நிறஞ்சலாவின் தலையில் விழுந்தது. அது றோயின் தகப்பன் வைத்திருந்த கார். கொம்பனி செய்துவிட்டபடியே இருக்க வேண்டும், ஒரு ஆணிகூடப் புதிதாக ஏறக் கூடாது என்பது றோயின் பிடிவாதம். அதனால் அதில் மினுங்கும் சிக்னல் லைட் கிடையாது. சுவிட்சைத் திருப்பினால் கதவோரத் தூணிலிருந்து சாண் நீளச் செம்மஞ்சள் தகட்டுக் கை ஒன்று வெளியே எழும். அவர்கள் இருந்த கீரிக் கிராமத்து உப்புக்காற்றில் வலப்பக்கக் கை துருவேறி இறுகிப்போய்விட்டது. ஆகவே நிறஞ்சலா கதவுக் கண்ணாடியை இறக்கித் தன் கையையே நீட்டுவாள். மழை பெய்தால் சட்டைக் கை தோள்வரை நனைந்துவிடும்.

அன்று றோயைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரிப் பக்கம் வலப்புறமாகத் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்து, கையை நேராக நீட்டினாள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவன் அந்தப் பக்கமாகவே முந்தினான். அவள் கையை உள்ளே இழுத்ததும் அவன் கதவில் உரசி விழுந்ததும் ஒன்றாக நடந்தன.

நல்லகாலம், முழங்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று. வஸீர் என்று பெயர் சொன்ன அந்த இளைஞன் எழும்பி நின்று முறையிட்டான்.

"அக்கா கையைக் காட்டினவ. என்னைப் போகச் சொல்லுறா எண்டு நினைச்சனான்."

பொலிஸ்காரர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "சிக்னல் லைட் எங்க அக்கா?"

அவள் வாயைத் திறக்குமுன் றோய் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கிவிட்டான். "இது அந்தக் காலத்துக் கார் சேர். கையால காட்டினாலும் சட்டப்படி சிக்னல்தான். கேட்டுப் பாருங்கோ."

பொலிஸ்காரர் யாருக்கோ போன் எடுத்து நெடுநேரம் கதைத்தார். நிறஞ்சலா வெயிலில் நின்றாள்.

"ஐயா சொல்லுறது சரி. கை செல்லும்," என்றார் அவர். "ஆனா பின்னால ஒரு பிரேக் லைட் எரியேல்லையே."

தண்டச் சீட்டு ஓட்டியவளின் பெயரில் எழுதப்பட்டது.

காரில் ஏறியதும் றோய் சிரித்தான். "பாத்தியா, வெண்டிட்டம்."

"வெண்டது நீங்கள். நீட்டினது என்ர கை. அவன் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தா?"

"அவனுக்குச் சட்டம் தெரியேல்ல."

"தெரியாதவங்கள்தானே என்ர பின்னால வாறாங்கள்!"

கிளினிக் முடிந்ததும் அவள் யாரையும் கேட்கவில்லை. நேரே உப்புக்குளத்தில் நௌஷாட்டின் கராஜில் கொண்டுபோய் நிறுத்தி, சிக்னல் லைட் பூட்டச் சொன்னாள்.

"காரின்ர பொடியில ஓட்டை போட விடமாட்டன்," என்றான் றோய்.

"அப்ப நீங்களே ஓட்டுங்கோ." கார்த் திறப்பை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை வாங்கி நௌஷாட்டிடம் கொடுத்தான்.

நௌஷாட் தலையைச் சொறிந்தான். பிறகு ஓட்டை போடாமலே பம்பரில் தகடு பிடித்து மஞ்சள் லைட்டுகளைப் பூட்டினான், பிரேக் லைட் பல்பையும் மாற்றினான். றோய் கதிரையை மறுபக்கம் திருப்பிப்போட்டு அதில் உட்கார்ந்திருந்தான்.

வீடு திரும்பும் வழியில் பஸ் ஒன்று பின்னால் விடாமல் ஹோர்ன் அடித்தது. கடைசியில் முந்திப் போகையில் சாரதி தலையை நீட்டிக் கத்தினான்.

"திரும்பப் போறீங்களோ, இல்லையோ?"

நிறஞ்சலா குனிந்து பார்த்தாள். கராஜை விட்டு வெளிக்கிடும்போது போட்ட சிக்னல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நௌஷாட் பூட்டிய சுவிட்சு தானாக அணைவதில்லை.

"டிக் டிக் எண்டு கேட்டதுதானே?" என்றாள் றோயிடம்.

"கேட்டது."

"ஏன் சொல்லேல்ல?"

"நான் வாயைத் திறந்தா சட்டம் கதைக்கிறன் எண்டு சொல்லுவாய்."

அவள் காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கோபம் பத்திக்கொண்டு வந்தது. றோய் எட்டி, தானே சுவிட்சை அணைத்தான்.