எதிர்க்கட்சி மைக் வண்டி

கண்ணூர்ப் பள்ளி வகுப்பில் நிலச் சீர்திருத்தப் பாடம் நடத்திய ஆசிரியர் பவித்ரன் மாஷின் முஷ்டி, கட்சி மேடை நினைப்பில் தானாக உயர்ந்தது. ஊர்வலம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சும்மா இருக்குமா? "ஜிந்தாபாத்!" என்று வகுப்பே முழங்கியது.

நிமிஷா மட்டும் எழுந்தாள். "மாஷே, எதிர்க்கட்சி மைக் வண்டி எப்ப வரும்?"

மாஷுக்குச் சுருக்கென்றது. "வாய்க்கொழுப்பா? வா, அந்த வண்டிய நீயே ஓட்டு!" சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மாஷின் கட்சியை நிமிஷா வெளுத்து வாங்கினாள். முடிக்கையில் அவள் முஷ்டியும் உயர்ந்துவிட்டது.

இம்முறை கோஷம் எழவில்லை. "ரெண்டு பேருமே பாதியத்தான் சொல்றீங்க!" என்றான் பின்பெஞ்சு ஷிஜின்.

மாஷ் சிரித்துவிட்டார். "அப்ப மிச்சத்த யாருடா சொல்றது?"

கைகள் உயர்ந்தன. ஒன்றுகூட முஷ்டியாக இல்லை.