ஆண்களுக்கு வராத வயிற்று வலி

“அக்காவுக்கு வயித்து வலி என்னிக்கி வந்துச்சி? எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்க? எனக்கு இப்பவே தெரிஞ்சாவணும்.”

ஆதிலட்சுமி இப்படிக் கேட்டதும், கூடத்தில் வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அம்மா பச்சையம்மாளின் கை அப்படியே நின்றது. மூத்தவள் தனத்தைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கே, இந்தப் பேச்சை மட்டும் வாயால் எடுக்கவே கூடாது என்று சின்னவளிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் அம்மா. இரண்டு வருஷம் அதற்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவள், தட்டு மாற்றுகிற நாளாகப் பார்த்து வாயைத் திறந்துவிட்டாள்.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவர் பலராமன். அம்மாவின் கூடப் பிறந்த தம்பி, தனத்தைக் கட்டியவர். தாய்மாமன் உறவு விட்டுப் போகக் கூடாதாம், அக்காவைக் கொடுத்த கைக்கே தங்கையையும் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் அவருக்கு மல்லாட்டை மண்டி. அப்பா சகாதேவன் அந்த மண்டியில்தான் வேர்க்கடலை மூட்டை நிறுக்கிறார். ஆகவே அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

ஆதி அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பி.ஏ. முடித்து, பட்டணத்தில் எம்.ஏ. சைக்காலஜி முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். மனசைப் பற்றிச் சொல்லித் தருவார்கள் என்று போனால், ஆராய்ச்சி முறை என்று ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு எண்ணு, கோடு போடு, கூட்டு, வகு என்று உயிரை எடுத்தார்கள். அதை நடத்தியவர் தங்கம்மாள் மேடம். தற்கொலை செய்துகொண்ட பெண்களைப் பற்றிச் செய்தித்தாளில் வந்ததையெல்லாம் அவரவர் ஜில்லாவுக்குத் திரட்டி, காரணவாரியாகப் பிரித்து வாருங்கள் என்பதுதான் அவர் கொடுத்த முதல் பயிற்சி.

ஆதி லைப்ரரியில் பழைய பேப்பர்களைப் புரட்டினாள். ‘தீராத வயிற்று வலி’ என்ற கட்டத்தில்தான் கோடுகள் குவிந்தன. அக்காவின் செய்தியும் வந்தது. மூன்றே வரி. பேரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அக்காவுக்கும் அதே கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். வடஆற்காட்டுத் தண்ணீரில் ஏதோ கோளாறு, பரிசோதிக்க வேண்டும் என்று முடிவுரை எழுதித் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள் வேறு.

தங்கம்மாள் திட்டவில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லாமல் எதையும் முடிவு கட்டாதே, ஆண்களுக்கும் இதே மாதிரி போட்டு எடுத்து வா என்றார். போட்டாள். கடன், குடி, பங்காளிச் சண்டை, காதல், பரீட்சையில் பெயில். வயிற்று வலி ஒரே ஒரு கிழவருக்கு. அவருக்கு நிஜமாகவே வயிற்றில் கட்டி இருந்தது.

“ஒரே தண்ணியத்தானேம்மா ரெண்டு பேரும் குடிக்கறாங்க?” என்றார் தங்கம்மாள், மெதுவாக.

ஆதிக்கு அப்போதுதான் உறைத்தது. அது நோயே இல்லை. போலீஸ் கேட்டால் சொல்வதற்கென்று ஊரே சேர்ந்து வைத்திருக்கிற பதில். புருஷன் பேர் வராது, மாமியார் பேர் வராது, செத்தவளின் வயிற்றின் மேலேயே பழி விழும். பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரி இதையும் யாரோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பொய்யைத்தான் அவள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள், அக்காவையும் சேர்த்து.

கூடத்தில் பலராமன் சிரித்தார்.

“படிச்சதுல வாய் ஜாஸ்தி ஆயிடுச்சிக்கா இதுக்கு. தாலி ஏறுனா கம்மியாயிடும்.”

“அக்காவுக்கு எப்டிக் கம்மி பண்ணீங்க மாமா?”

சிரிப்பு நின்றது. நல்ல நேரம் போவதற்குள் பெண்ணுக்குப் புத்தி சொல்லி வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பீடியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தீப்பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு அப்பாவும் பின்னாலேயே போனார்.

பச்சையம்மாள் மகளை அடுப்பங்கரைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அடிப்பாள் என்று ஆதி நினைத்தாள். அம்மா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

“வலின்னு ஒண்ணும் இல்லடி. ரெண்டு வாட்டி வந்தா. முதுகக் காட்னா. ரெண்டு வாட்டியும் நாந்தான் தலய வாரிப் பூ வெச்சி, பஸ் ஏத்தி வுட்டேன்.”

பட்டணத்திலிருந்து இத்தனை தூரம் ஆதியைக் கொண்டு வந்து சேர்த்தது கோபம். அந்தப் பூவைக் கேட்டதும் அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

“வயித்து வலின்னு போலீஸ்ல யாரு சொன்னது?”

“நாந்தான். அவன் எங்கூடப் பொறந்தவன்டி. ஒண்ணுதான் மண்ணுக்குப் போயிடுச்சி. இன்னொண்ண ஜெயிலுக்குக் குடுக்கச் சொல்றியா?”

“அப்ப என்ன எதுக்கும்மா அவருக்குக் குடுக்கற?”

“நீ தனம் மாதிரி இல்ல. படிச்சவ. எதுத்து நிப்ப. அவனும் அடங்கிடுவான்.”

அம்மா அதை வஞ்சகமாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள், மகளைப் பற்றிய பெருமைகூட அதில் இருந்தது. ஆதிக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். வம்சத்திலேயே முதல் பட்டம், கடைசியில் அடி தாங்குகிற முதுகாகத்தான் இந்த வீட்டில் கணக்கு.

இப்போது சொன்னதை அப்படியே ஸ்டேஷனில் வந்து ஒரே ஒரு தரம் சொல்லிவிடு என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். தன் வாழ்நாளில் அவள் யாரிடமும் கெஞ்சியதில்லை. பச்சையம்மாள் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தனத்தின் பேரைச் சொல்லி அழுதாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்டது அன்றைக்குத்தான். ஆதி அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இருவரும் வெகு நேரம் அழுதார்கள்.

அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்: “தட்ட மாத்திக்கலாமாடி?”

 ஆதி கலைந்திருந்த அம்மாவின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு எழுந்தாள். அம்மா வந்தால் இருவராக, வராவிட்டால் தனியாக, எப்படியும் போவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணியாயிற்று.

வாசலில் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாதான், எங்கேம்மா போகிறாய் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஸ்டேஷனுக்குப்பா” என்று சொல்லிவிட்டு, பேகோபுரத் தெருவில் இறங்கி நடந்தாள்.