கொரியா பாஷையில் ஒரு சாம்பார்ச் சண்டை

மலேசியாவின் பீடோரில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி, ஈப்போவிலிருக்கும் ஒரு டியூஷன் சென்டருக்காகக் கணினி வழியே கொரிய மொழி சொல்லிக் கொடுப்பது தினேஸ்வரியின் வேலை. வேலை என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். சென்டர் முதலாளி தனேஷ் இன்னும் அப்படிச் சொல்லவில்லை.

"முதல் வகுப்பு முடிஞ்சு பத்துப் பேராவது ரெண்டாவது வகுப்புக்குப் பேர் கொடுத்தா உனக்கு வேலை நிரந்தரம். இல்லன்னா கிளாஸை மூடிடலாம்லா" என்று சொல்லி வைத்திருந்தான்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக் கடைசியில் கொரியா சுற்றிப் பார்க்க முனீஸ்வரர் கோயில் கூட்டமே டிக்கெட் எடுத்திருந்தது. வாட்ஸ்அப் குழுவில் வகுப்பு லிங்கைப் போட்டாள். எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை.

"லிங்க் அனுப்பிட்டா அழைச்ச மாதிரி ஆயிடுமா?" என்று அந்தக் கூட்டத்துக் காளியம்மா அக்கா கேட்ட பிறகுதான் குறை எங்கே என்று விளங்கியது. தினேஸ்வரி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்தாள். அடுத்த பாடத்தன்று திரையில் பதினொரு முகங்கள். பெண்கள் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள்.

அந்தப் பதினொன்றில்தான் வம்பு. ஐந்து பேர் ஈப்போவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பெத்தபெருமாள் செட்டியார் வீட்டார். மீதி ஆறு பேர் காளியம்மாவின் கணவர் உடையப்பன் பக்கத்தார். உடையப்பன் சுங்காய் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது தாப்பாவில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார். இந்த இரண்டு பேரும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் அவர் பக்கம் முழுக்கப் போய்விடும். அத்தோடு தினேஸ்வரியின் வேலையும் போய்விடும்.

சண்டைக்குக் காரணம் சாம்பார். திருவிழா அன்னதானத்துக்கு உடையப்பன் சமைத்தார். நன்றி சொல்ல மைக் பிடித்த செட்டியார், "சாம்பார்ல உப்பு கொஞ்சம் கம்மி, பக்தர்கள் பொறுத்துக்கணும்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். அன்றைக்கே உடையப்பன், "இனி அந்த ஆளோட ஒரு தமிழ் வார்த்தை பேச மாட்டேன்" என்று முனீஸ்வரர் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். விஷயம் கேள்விப்பட்ட செட்டியாரும் அதே சத்தியத்தை அதே சாமி முன்னால் செய்தார்.

வகுப்பில் செட்டியார் முகம் கண்ணில் படக்கூடாதென்று உடையப்பன் திரையில் டேப் ஒட்டினார். ஆனால் ஆட்கள் வர வரக் கட்டங்கள் இடம் மாறும். டேப்புக்கு அடியில் பெரும்பாலும் டீச்சர்தான் இருந்தாள்.

ஒருநாள் கடைக்காரர், வாடிக்கையாளர் பாடம். அன்றைக்கு வந்த பத்துப் பேரும் இரண்டிரண்டு பேராகத் திரையிலேயே தனித்தனி அறையில் பேசிப் பழக வேண்டும். ஜோடி சேர்ப்பதைத் தினேஸ்வரி கணினியிடமே விட்டுவிட்டாள். பித்தானை அமுக்கிய பிறகுதான் பட்டியலைப் பார்த்தாள். மூன்றாம் அறையில் செட்டியாரும் உடையப்பனும்.

"போச்சுடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தாள். செட்டியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடையப்பன் எழுந்து நின்று சட்டைப் பித்தான் மட்டும் தெரியும்படி இருந்தார்.

"காளி, கம்ப்யூட்டரை அடைச்சு வை. முனீஸ்வரர் சத்தியம் இருக்கு."

சமையலறையிலிருந்து காளியம்மாவின் குரல் வந்தது. "தமிழ்ல பேச மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணீங்க? இது கொரியாலா. சாமிக்கே புரியாது. உட்காருங்க!"

உடையப்பன் கொஞ்சம் யோசித்தார். உட்கார்ந்தார்.

"இகோ ஒல்மாயெயோ?" இது என்ன விலை என்று, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

விலை கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கச் செட்டியார் உடம்பு ஒத்துழைக்கவில்லை. "மன் வொன்!" பத்தாயிரம்.

"பிஸ்ஸாயோ!" விலை அதிகமாம்.

"அனியோ!" இல்லையாம்.

"பிஸ்ஸாயோ!"

"அனியோ!"

இருவருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. ஆறு வருஷத்துச் சண்டை முழுவதும் இரண்டே சொல்லில் வெளியே வந்துகொண்டிருந்தது. எந்தப் பொருளுக்கு விலை பேசுகிறார்கள் என்று இருவருக்குமே தெரியாது. தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேரம் முடிந்து கணினி அறையை மூடியபோது, "இருலா, இன்னும் முடியல!" என்று இரண்டு குரலும் ஒன்றாக அதட்டின, கணினியைத்தான்.

வகுப்பு முடிந்ததும் செட்டியாரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "டீச்சர், சாம்பார்ல உப்பு இல்லைன்னா இல்லைதான்னு கொரியால எப்படிம்மா சொல்றது?"

பின்னாலேயே உடையப்பன். "டீச்சர், உப்பு போட்டேன், உன் நாக்குலதான் கோளாறுன்னு எப்படி சொல்றது? அவர் கேக்கறதுக்கு முந்தி எனக்குச் சொல்லுங்க."

தினேஸ்வரி இருவருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள். "உப்பு ரெண்டாவது வகுப்புப் பாடம். முதல்ல பேர் கொடுக்கணும்."

பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் பேர் கொடுத்துவிட்டது. எதிரியைவிட ஒரு தலையாவது கூட வேண்டுமென்று செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளையையும், உடையப்பன் பஸ் கண்டக்டரையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். "எப்படிலா பிடிச்ச?" என்று தனேஷ் வியந்து போய், வேலை நிரந்தரம் என்று அப்போதே சொல்லிவிட்டான்.

தனேஷ் போனை வைத்ததும் காளியம்மா கூப்பிட்டாள்.

"தினேசு, ஒரு உதவி. அவர் சாயங்காலமானா நோட்டும் கையுமா உட்கார்ந்துடறாரு. வீடு நிம்மதியா இருக்கு. அந்த உப்பைக் கடைசிப் பாடத்துல வைம்மா."

"கடைசியிலதான் அக்கா வைக்கிறேன்" என்றாள் தினேஸ்வரி. "மூணாவது வகுப்புல."