அவருக்கில்லாத அப்பம்

தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் அவள் கணவருக்குக் குரல் போய்விட்டது. விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய்தான் இப்போது அவருக்கு வாய். சத்துப்பொடி கரைத்த பாலை சிரிஞ்சில் ஊற்றி, குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது இறங்கும்வரை நிற்பாள். பிறகு ஓட்டமாக ஓடி ஹோட்டல் சலவைக்கூடத்தில் நிற்பாள். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடும் வேலை. அங்கும் நாள் முழுக்க நிற்க வேண்டும்.

கோயிலுக்குப் போனால் உட்காரலாம். ஞாயிறு பூசைக்கு அவள் தவறாமல் போனதில் பாதிக் காரணம் அதுதான். லாரி ஓட்டிய காலத்தில் கணவர் எந்த ஊரில் இருந்தாலும் பூசையைத் தேடிப் போகிறவர். அவர் போனதால் அவளும் போய்ப் பழகியவள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஃபாதர் பிரசங்கம் வைத்தார். பிடித்த எதையாவது விட்டுவிடுவது நல்லதுதான், ஆனால் இந்த நாட்களில் நற்கருணையிடம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள் என்றார். விடுவதற்கு நம்மிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். எல்லோரும் நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்க வரிசையில் போனபோது கால்களை ஒதுக்கி வழிவிட்டாளே தவிர எழவில்லை. ஆபரேஷன் ஆனதிலிருந்தே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் விரலால் நாக்கைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். வாங்கினாயா என்று அர்த்தம். அவள் ஆமென்பதுபோல் தலையாட்டிவிட்டு சிரிஞ்சைக் கழுவப் போய்விடுவாள்.

நாத்தனார்தான் போட்டு உடைத்தாள். அண்ணனைப் பார்க்க வந்தவள், கட்டிலருகில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"அண்ணி, எல்லாரும் எழுந்து போறாங்க, நீங்க மட்டும் பசை போட்டு ஒட்டின மாதிரி பெஞ்சுலயே உக்காந்திருக்கீங்க. சாமியோட ஏதாவது சண்டையா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் சிரிஞ்சோடு போனபோது அவள் கையைத் தள்ளிவிட்டார். பால் புடவையில் கொட்டியது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க பண்ணச் சொல்றீங்க? ஒரு பருக்கை உள்ள போகாம நீங்க இங்க கிடக்கறப்ப, நான் மட்டும் போய் வாயைத் தொறக்கணுமா? பசிச்சவர் முன்னாடி உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கு. என்னால முடியல."

அவர் அழுதார். சத்தமே இல்லாமல் தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு தன் வாயைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார், கையை விரித்தார். அவருக்கும் நற்கருணை வேண்டியிருந்தது. இத்தனை நாள் அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் ஃபாதரைப் பார்க்கப் போனாள். அவர் முற்றத்தில் குழாயடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஈரக்கையோடு நிமிர்ந்தார்.

"அப்பத்தை விழுங்க முடியாதவங்களுக்குத் திரு இரத்தம் குடுக்கலாம்மா. அந்தக் குழாய் வழியாவே குடுக்கலாம். டாக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஏன் இவ்வளவு நாளா சொல்லலை?"

"கேக்கணும்னே தோணலை ஃபாதர். அலுப்பு."

டாக்டர் சில துளிதானே, தாராளமாகக் கொடுங்கள் என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர், பூசையில் திரு இரத்தமான திராட்சை ரசத்தைச் சின்னப் பாத்திரத்தில் மூடி, ஓர் அப்பத்தோடு எடுத்துவந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். நாத்தனாரும் வந்து, அதிசயமாக வாய் திறக்காமல் நின்றாள்.

சிரிஞ்சைக் கையில் எடுத்த ஃபாதர் தயங்கினார். "குழாயை நீங்க பிடிச்சுக்கிறீங்களாம்மா?"

தினமும் பிடிப்பதைப் போலத்தான் பிடித்தாள். முதலில் கொஞ்சம் தண்ணீர். "கிறிஸ்துவின் திரு இரத்தம்" என்றார் ஃபாதர். கணவரின் உதடுகள் ஆமென் என்று அசைந்தன. சிவந்த கோடு ஒன்று குழாயில் மெதுவாக இறங்கியது. எதுவும் ஒட்டி நின்றுவிடாதபடி மறுபடி தண்ணீர் விட்டார்கள். எத்தனையோ தடவை கடுகடுத்த முகத்தோடு, எப்போது இறங்கித் தொலைக்கும் என்று பிடித்து நின்ற அதே குழாய்.

ஃபாதர் அவள் பக்கம் திரும்பி அப்பத்தை உயர்த்திக் காட்டினார். அவள் முழந்தாளிட்டு வாங்கிக்கொண்டாள். வாயில் அது கரையும்வரை கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், தானும் சேர்ந்து சாப்பிடுகிறவர்போல.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஃபாதர் வந்தார். கணவருக்கு உடம்பு தேறிவிடவில்லை. சலவைக்கூடத்தில் வேலையும் குறையவில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் வேலைவிட்டு வரும் வழியில் நற்கருணை ஆராதனைக்கும் போக ஆரம்பித்தாள். எதுவும் கேட்டு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைக் குளிர்ந்த தரையில் வைத்து, பீடத்தின்மேல் இருந்த அந்த வெள்ளை அப்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அப்படியே கண்ணயர்ந்துவிடுவாள். யாரும் எழுப்பவில்லை.