பச்சைத் திரை

கிருஷ்ணமணி கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் ரப்பர்ப்பாலைப் பதப்படுத்தும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அன்னக்கிளி அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். தடிக்காரன்கோணத்தில் சொந்த வீடு. ஒரே மகள் அஞ்சு கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள்.

அன்னக்கிளிக்கு மறதி வந்தது சத்தமில்லாமல்தான். முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் பெயரை மறந்தாள். புடவையை எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்ற காலையில்தான் கிருஷ்ணமணி அவளை நாகர்கோவிலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப் போடலாம், திருப்பிக் கொண்டுவர முடியாது என்று டாக்டர் சொன்னார்.

அப்படி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதும் ஒன்று மட்டும் போகவில்லை. முன்னறை ஜன்னல் பக்கத்தில், அஞ்சு இன்ஜினியரிங் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் இருந்தது. மகள் வேலைக்குப் போனபின் சும்மா கிடந்த அந்தப் பெட்டியில் அன்னக்கிளி தானாகவே சீட்டு விளையாடப் பழகியிருந்தாள். பச்சைத் திரையில் சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு என்று அடுக்குகிற ஆட்டம். டீச்சர் சீட்டு ஆடுகிறாளே என்று அந்தக் காலத்தில் கிருஷ்ணமணி கேலி செய்வார். அவிய கேலி பண்ணுனா பண்ணட்டும் என்று அவள் பாட்டுக்கு ஆடுவாள். இப்போது காலையில் இட்லி தின்ன வைத்துக் கையைக் கழுவிவிட்டால் அவளே போய் அந்த நாற்காலியில் உட்காருவாள். பொத்தானை அமுக்குவாள். மெஷின் முனகி எழுந்து வருகிற வரைக்கும் பொறுமையாக இருப்பாள். கணவனின் பெயர் நாவில் வராத நாள்களில்கூட, ராணியின்மேல் எது போகும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டம் ஜெயித்தால் சீட்டுகள் எல்லாம் துள்ளித் துள்ளித் திரையிலிருந்து கீழே கொட்டும். அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிற கிருஷ்ணமணிக்கு அந்தச் சிரிப்புக் கேட்டால் போதும், அன்றைய பாரம் பாதி இறங்கிவிடும்.

கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கவேண்டும் என்று தொடங்கியவள் அஞ்சு. செல்போனில் வீடியோவில் கூப்பிட்டால் அம்மா அவளை அடையாளம் காண்பதில்லை. போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள். யாரோ உள்ளே அடைபட்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் பதறினாள். பெரிய திரையில் முகம் தெரிந்தால் புரியும் என்று அஞ்சு நினைத்தாள். ஆனால் அந்தப் பழைய விண்டோஸில் வீடியோ அழைப்பு எதுவும் ஓடவில்லை. இந்த மெஷினுக்கு இனி ஆதரவு கிடையாது என்று ஒவ்வொன்றும் மூடிக்கொண்டது.

"கொஞ்சநாள் போனா அம்மைக்கு என் மொகமே மறந்துரும்ப்பா," என்றாள் அஞ்சு. "அதுக்கு முந்தி என்னைய அவ பாக்கணும்."

கிருஷ்ணமணிக்கும் அது நியாயமாகப் பட்டது. சீட்டாட்டத்தைப் பற்றி அப்போது அவர் யோசிக்கவே இல்லை. அது பெட்டியோடு கூடவே இருக்கும் என்றுதான் நினைத்தார்.

பூதப்பாண்டியில் கடை வைத்திருக்கும் ரிஜோ வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான். நாற்பதை நெருங்கிய, வேலையில் சுத்தமான ஆள். புது விண்டோஸ் இதில் நேராக ஏறாது, மெமரி கூட்டி, ஹார்ட் டிஸ்க் வட்டை மாற்றி, ஒரு மாதிரி ஏற்றித் தருகிறேன் என்றான். பழைய வட்டில் அஞ்சுவின் படங்கள் இருப்பதால் அதை அழிக்காமல் தனியாக எடுத்துவைப்பதாகவும் சொன்னான். பெட்டி இல்லாத அந்த இரண்டு நாளும் அன்னக்கிளி காலி மேஜையைத் தடவிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்த பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. திரையில் நீல நிறத்தில் ஏதோ மலை. ரிஜோ கேமராவைப் பொருத்தி அழைப்பைப் போட்டான். அஞ்சுவின் முகம் திரை நிறைய வந்தது. அன்னக்கிளி முன்னால் சாய்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் திரையில் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

"அஞ்சு," என்றாள். "மெலிஞ்சு போனியே மக்ளே."

மஸ்கட்டில் மகள் அழுதாள். இங்கே கிருஷ்ணமணி எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். செய்தது நல்ல காரியம் என்று அன்று முழுக்க அவருக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல அன்னக்கிளி போய் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள். நீல மலை வந்தது. மவுஸைப் பிடித்து, சீட்டு இருக்கும் மூலைக்கு அம்பைக் கொண்டுபோனாள். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி கொண்டுபோனாள். கிருஷ்ணமணி ஓடிவந்து தேடினார். போனில் ரிஜோ சொன்னபடி நெட்டிலிருந்து வேறொரு சீட்டாட்டத்தை இறக்கினார். அதில் திரை கருநீலம். சீட்டின் எண்கள் பெரிது பெரிதாக இருந்தன. இரண்டு சீட்டு நகர்த்துவதற்குள் நடுவே ஒரு பெண் தோன்றி எதையோ வாங்கச் சொன்னாள். அன்னக்கிளி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அறையைச் சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலை, அலமாரியை, கல்யாணப் படத்தைப் பார்த்தாள்.

"இது ஆருக்க வீடு?" என்று கேட்டாள்.

நம்ம வீடுதான் என்றார் அவர். அவள் இல்லை என்று தலையசைத்தாள். வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள்.

அன்றிலிருந்து அதே பேச்சுதான். காலையில் எழுந்ததும் சேலையை நேராக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். இங்கே இருந்தது போதும், போகலாம் என்பாள். அடுத்த அழைப்பில் மகளைப் பார்த்ததும் இவர்கள் என்னை வீட்டுக்கு விடமாட்டேன் என்கிறார்கள் என்று அழுதாள். கேட்டைப் பூட்டிவைத்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டாள். ஒருநாள் கிருஷ்ணமணி குளித்துவிட்டு வருவதற்குள் காணாமல் போனாள். அவர் ஈரத்துண்டோடு தெருவில் ஓடினார். தெரு முக்கில் நின்ற, கீரிப்பாறை போகும் எஸ்டேட் பஸ்ஸில் ஏறி, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் ஏறி அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

அன்று மாலை அவர் மகளிடம் போனில் சொன்னார்.

"பழைய வட்டைத் திரும்ப மாட்டச் சொல்லப்போறேன் மக்கா."

அஞ்சு உடனே கேட்டாள். "அப்ப என்னைய அம்மை எப்படிப் பாப்பா? என் பேரு சொல்லி விளிச்சால்லா அண்ணைக்கு?"

"விளிச்சா. ஆனா அவளுக்கு இருக்கதுக்கு ஒரு எடம் வேண்டாமா? அந்தப் பச்சைக்க முன்னாலதான் அவ வீட்டுல இருந்தா. நமக்குத் தெரியல்ல."

நீங்க செய்யுங்க என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் கூப்பிடவில்லை.

ரிஜோ வந்தான். புது வட்டைக் கழற்றிப் பழையதை மாட்டினான். மெஷின் முன்போலவே முனகி எழுந்தது. பழைய திரை, பழைய மூலை, அதே சீட்டு, அதே பச்சை. கிருஷ்ணமணி அன்னக்கிளியைக் கைபிடித்துக் கூட்டிவந்து உட்கார்த்தினார். மவுஸின்மேல் அவள் கையை எடுத்துவைத்தார். அவள் திரையைப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவர் தன் கையை அவள் கைமேல் வைத்து ஒரு சிவப்புச் சீட்டை நகர்த்தினார். அவர் இழுத்த பக்கமெல்லாம் அவள் கை வந்தது. விட்டதும் நின்றுவிட்டது. ரிஜோ தன் பையை மூடிக்கொண்டு, சார், ரெண்டு நாள் போகட்டும், ஞாபகம் வரும் என்றான். அவனுக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு நாள் போயிற்று. இரண்டு மாதமும் போயிற்று.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இந்த நோய் எப்படியும் இந்த இடத்துக்கு வந்திருக்கும், கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள், உங்களையும் சொல்லாதீர்கள் என்றார். இருக்கலாம். ஆனால் மாற்றாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மழைக்காலம் அவள் சிரித்திருப்பாளா என்பதை எந்த டாக்டராலும் சொல்லமுடியாது. அந்தக் கேள்வியைக் கிருஷ்ணமணி தன்னிடமே வைத்துக்கொண்டார். மகளிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. அவள்தான் ஒருநாள் அழைத்து, தப்பு என்மேலதானேப்பா என்றாள். இல்லை மக்கா, அம்மையைப் பார்க்க ஆசைப்பட்டது எப்படித் தப்பாகும் என்று இவர் சொன்னார். லீவு போட்டு அஞ்சு வந்தபோது அன்னக்கிளி அவளை யாரோ நர்ஸ் என்று எண்ணிக் கும்பிட்டாள். அஞ்சு அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், சோறு ஊட்டிவிட்டாள். லீவு முடிந்த அன்று விடிகாலையில் கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு கிருஷ்ணமணி கேட்டைப் பூட்டுவதில்லை. மாலையில் அவள் வீட்டுக்குப் போகணும் என்று எழுந்தால், சரி, போவோம் என்று அவரும் செருப்பைப் போட்டுக்கொள்வார். கால்வாய் ஓரமாக நடந்து, அங்கன்வாடியைத் தாண்டி, பாலம் வரைக்கும் போவார்கள். அங்கே திரும்புவார்கள். சில நாள் தன் வாசலைப் பார்த்ததும், வந்துட்டோம் என்று அவளே உள்ளே போய்விடுவாள். பல நாள் அப்படி இல்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலை. திரும்பி வந்தவள் வேற்று வீட்டில் உட்காருவதுபோல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கிருஷ்ணமணி ஒரு துண்டை எடுத்து அவள் பாதங்களைத் துடைத்தார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நேரமாச்சு. நான் போவட்டா?" என்றாள்.

"கொஞ்சம் இருக்கலாம்லா."

"இல்ல. வீட்டுல அவிய காத்திருப்பாவ. நான் போவாம சாப்பிடமாட்டாவ."

கிருஷ்ணமணியின் கையில் துண்டு அப்படியே நின்றது. கீழே உட்கார்ந்தபடி அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையான கவலையோடு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிய போன் பண்ணுனாவ," என்றார் மெதுவாக. "சாப்பிட்டாச்சாம். ஒன்னைய இங்கயே சாப்பிடச் சொன்னாவ."

"அப்படியா," என்றாள் அன்னக்கிளி. தோள் தளர்ந்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்க் கஞ்சியைச் சுடவைத்தார்.