பனிக்கு என்ன பயம்?

அந்த வருஷம் பம்பாய் மாதுங்காவில் இன்ஃப்ளுயன்ஸா நுழையாத கட்டடம் இல்லை. என் வீட்டுக்குள் மட்டும் அதை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன். மூத்ததை எட்டாம் மாதத்தில் ஜுரத்துக்கு வாரிக்கொடுத்தவள் நான். இப்போது பஞ்சுவுக்கு எட்டாம் மாதம்.

என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தால், துணியை வாளியில் போட்டுக் குளித்த பிறகுதான் குழந்தையைத் தொடலாம். பாத்திரம் தேய்க்கிறவள் வாசலோடு சரி. தண்ணீர் கொதித்து ஆறியதுதான்.

"பட்டாளத்துலகூட இவ்வளவு கண்டிப்பு கிடையாதுடி" என்பார் அவர். கட்டடத்திலும் கேலி செய்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு மார்கழிக் காலை, ரேஷன் கடைக்கு அரிசி வந்திருப்பதாகத் தகவல். கார்டோடு நானேதான் போய் நிற்க வேண்டும். அந்தக் கும்பலில் ஆளாளுக்குத் தும்முவார்கள். பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு போவதாவது! எதிர் அறைக்கு வாலாம்பாள் பாலக்காட்டிலிருந்து குடிவந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. புருஷனும் ஆறு வயதுப் பெண்ணும்தான். சுத்தமானவள். கதவைத் தட்டினேன்.

"தாராளமா விட்டுட்டுப் போங்கோ, மாமி" என்றவள் சட்டென்று தயங்கினாள். "ஆனா எங்காத்திலெ ரெண்டு நாளா நல்ல பனியாக்கும், கேட்டேளா."

வடக்குப் பார்த்த அறை. பனி இறங்காமல் என்ன செய்யும்?

"மார்கழின்னா பனி இருக்கத்தான் செய்யும். பனிக்குப் பயந்தா குடித்தனம் பண்ண முடியுமா, மாமி?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மாமிக்குப் பயமே இல்லையா?"

"பனிக்கு என்ன பயம்?" என்று சிரித்துவிட்டு, பஞ்சுவை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

திரும்பிவர இரண்டு மணி நேரமாயிற்று. பஞ்சு அந்தப் பெண்ணோடு ஒரே பாயில் கிடந்தான். அவள் கம்பளிக்குள் சுருண்டு இருமிக்கொண்டிருந்தாள். இவன் சிரித்தபடி அவள் வாய்க்குள் விரலை விட்டு, பிறகு தன் வாயில் வைத்துக்கொண்டான். பெண்ணின் நெற்றியைத் தொட்டேன். கை சுட்டது.

"மாமி, இது ஜுரம்னா!"

"ஆமாம், பனிதான். நான் சொன்னேனே?"

அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஊரில் ஜுரத்துக்குப் பெயர் பனி! கும்பகோணத்துக்காரி எனக்கு அது எப்படித் தெரியும்? கையிலிருந்த அரிசிப் பை நழுவிக் கொட்டியதுகூடத் தெரியவில்லை. பாவி, என் பிள்ளையைக் கொன்றுவிட்டாயே என்று கத்த வாயெடுத்தேன்.

அதற்குள் வாலாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"கொழந்தை பனியிலெ கிடக்கறதைப் பார்த்ததும் எல்லாரும் கதவைச் சாத்திண்டா, மாமி. ஒரு வாய் கஞ்சிக்கு அரிசி தர ஆளில்லெ. நீங்க மாத்ரம் பயமில்லேன்னு பெத்த கொழந்தையையே தந்தேள்."

கீழே கிடந்த அரிசியில் பாதியை அவளுக்கு அள்ளி வைத்துவிட்டு, பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு வந்து வெந்நீரில் மூன்று தடவை குளிப்பாட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

மூன்றாம் நாள் பஞ்சுவின் உடம்பு கொதித்தது. டாக்டர் மிக்ஸ்சர் மருந்து கொடுத்து, ஆறு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். சேதி கேட்டு வாலாம்பாள் வந்தாள். வாசற்படியிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்காகன்னா இப்படி ஆச்சு!"

உண்மையைச் சொல்லிவிட நல்ல சமயம் அது. "உள்ளே வாங்கோ" என்றுதான் சொன்னேன். அவள் மகளுக்கு அதற்குள் ஜுரம் விட்டிருந்தது. ஆறு நாளும் பஞ்சுவுக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டு என்னோடு முறைவைத்து உட்கார்ந்தாள்.

ஏழாம் நாள் காலை பஞ்சு பாலுக்கு அழுதான். நானும் ஓவென்று அழுதேன். வாலாம்பாள் கட்டடம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள்: "தெரிஞ்சுண்டே கொழந்தையை விட்டாளாக்கும். அப்படியொரு மனஸ்!"

எல்லாரும் என்னை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலந்து கொடுத்தேன். தெரிந்திருந்தால், முதலில் கதவைச் சாத்தியிருக்கக்கூடியவள் நான்தான்.